எந்த ஊர் நேரத்தைப் போடுவது

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் மலைநாட்டு நகரத்து மஹய்யாவையில் எங்கள் தெருவில் முதல் மாடி வீடு என்னுடையது. முதல் டெலிபோன் என்னுடையது. முதல் கம்பியூட்டரும் என்னுடையதுதான். எல்லாம் லொறி ரேடியேட்டர் ஒட்டிச் சம்பாதித்தது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் என் பட்டறையை எரித்தார்கள். கருகிய தகரத்தையே தட்டி நிமிர்த்தி, அதே இடத்தில் மறுபடி கூரை போட்டேன். இந்தக் கைக்கு அவ்வளவு வேலை தெரியும். சிங்களம் பேசினால், முகத்தைப் பார்க்காதவன் என்னைச் சிங்களவன் என்றே நினைப்பான்.

அப்படிப்பட்ட நான் என் வீட்டு ஹோலில் பேச வழியில்லாமல் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்டு.

கனடாவில் இருக்கும் மகளின் முகத்தைப் பார்க்கத்தான் அந்தக் கம்பியூட்டரை வாங்கியிருந்தேன். ஒரு நாள் இடியோடு கரண்ட் போய் வந்தது. அதன் பிறகு சுவிட்சைப் போட்டால் உள்ளே விசிறி சுற்றும், கறுப்புத் திரையில் இரண்டு வரி வெள்ளை எழுத்து வரும், அதோடு நின்றுவிடும். என் மனைவி சும்மா இருப்பாளா?

"ரேடியேட்டர்னா தட்டிப் பாத்தே எங்க ஓட்டைன்னு சொல்லிருவீங்களே. இதையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்களேன்."

"தட்டுனா உன் மக மூஞ்சி வெளிய வந்து விழும்னு நெனச்சியா?"

மேல்மாடி அறையில் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் வாடகைக்கு இருந்தார். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கணக்குப் பகுதியில் வேலை. முப்பது வயதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசமாட்டார். வடக்கிலிருந்து வந்த ஆட்களுக்கு அறை கொடுக்கவே ஊரில் பயந்த காலம் அது. நான் கொடுத்தேன். முறைப்படி பொலிசிலும் பதிந்து வைத்திருந்தேன். கந்தோரில் கம்பியூட்டர் மக்கர் பண்ணினால் இவரைத்தான் கூப்பிடுவார்களாம். சொன்னதும் ஒரு சி.டி.யோடு இறங்கி வந்தார்.

"ஐயா, பெட்டியில பிழை இல்லை. உள்ளுக்க இருக்கிற சிஸ்டம்தான் பழுதாப் போச்சு. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசாப் போடவேணும்."

"அழிங்க தம்பி. அதுல என்ன புதையலா கிடக்கு?"

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அழித்தார். திரை நீலமாகியது, மஞ்சள் கோடு ஒன்று மெல்ல நகர்ந்தது. மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அப்போதுதான் கீழே ரோட்டில் லொறிகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இரண்டு முனையிலும் நின்றன. நாய்கள் குரைத்தன, பிறகு அவையும் அடங்கின. வேறோர் ஊரில் பஸ்ஸில் குண்டு வெடித்த வாரம் அது. வீடு வீடாகத் தேடுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்துத்தான் இருந்தோம்.

"செக்கிங் வந்துருக்காங்க," என்று மனைவி உள்ளே போய் எல்லோருடைய அடையாள அட்டைகளையும் எடுத்துவந்தாள்.

துப்பாக்கிக்காரர்கள் இருவர் வாசலில் நின்றுகொண்டார்கள். உள்ளே வந்தவர் சாதாரண சேர்ட் போட்ட இளம் அதிகாரி. சப்பாத்தைத் துடைத்துவிட்டு நுழைந்தார். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. கத்துகிறவனைச் சமாளிக்க எனக்குத் தெரியும். இந்த வகை வேறு. அவர் பேசியது சிங்களத்தில், எனக்கு விளங்கிய மாதிரி சொல்கிறேன்.

"இது என்ன வேலை நடக்குது?"

"கம்பியூட்டர் பழுது, மாத்தயா. இவரு சரி பண்ணுறாரு," என்றேன்.

"இதுல இருந்ததெல்லாம் எங்க?"

"அழிச்சாச்சு."

"எப்ப?"

"இப்பதான், காலையில."

அவர் சிரித்தார். "நாங்க வர்ற அன்னைக்கா?"

நான் மகளைப் பற்றிச் சொன்னேன், இடி விழுந்ததைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் இரண்டு பேரின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்பியின் அட்டையை வாங்கி, பிறந்த இடம் எழுதியிருந்த பக்கத்தைத்தான் பார்த்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துக் கம்பியூட்டருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"உண்மையிலேயே பழுது பார்க்குறவனா இருந்தா முடிச்சுக் காட்டட்டும். முடியலைன்னா ஆளும் பெட்டியும் எங்களோட வரும்."

தம்பிக்குச் சிங்களம் விளங்கும், பேசத்தான் வராது. நான் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அந்தக் காலத்தில் ஜீப்பில் ஏற்றப்பட்ட ஆளை எங்கே போய்த் தேடுவது என்று எவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, எத்தனை பேரை நான் தெரிந்து வைத்திருந்தாலும்.

கோடு நகர்ந்தது. கரண்ட் மட்டும் போய்விடக்கூடாது என்று நான் சுவரில் இருந்த முருகனைப் பார்த்தேன். பெட்டி ஒருமுறை தானாக அணைந்து மறுபடி கிளம்பியது. மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அது அப்பிடித்தான் அம்மா," என்றார் தம்பி திரும்பாமலே.

பிறகு திரையில் ஊர்ப் பெயர்கள் நீளமாக வந்தன. எந்த ஊர் நேரத்தைப் போடுவது என்று கேட்கிற இடம் அது. அதில் நம் நாட்டுக்கென்று தலைநகரின் பெயரோடு ஒரு வரி இருந்தது. ஆனால் அந்த சி.டி. பழையது. அதற்குப் பிறகு அரசாங்கம் கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னால் தள்ளிவிட்டது. நம் ஊர்ப் பெயரைப் போட்டால் நேரம் பிழையாகும், சென்னை என்று இருக்கிற வரியைப் போட்டால் சரியாக இருக்கும். இதில் இன்னொன்றும் உண்டு. முன்பு அரசாங்கம் நேரத்தைக் கூட்டியபோது, வடக்கில் அரசாங்கத்தோடு போரிட்ட இயக்கத்தின் கையில் இருந்த இடங்கள் கூட்டாமல் பழைய நேரத்திலேயே இருந்தன. அந்த நேரமும் சென்னை நேரமும் ஒன்று. கையிலிருக்கும் மணிக்கூட்டைப் பார்த்தே ஆள் எந்தப் பக்கம் என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது.

தம்பி நகர்த்திய அம்புக்குறி சென்னை வரிக்குப் போனது. நின்றது. மெல்ல இறங்கி நம் நாட்டு வரிக்கு வந்து, அதைத் தொட்டது.

"ஏன் அதை மாத்தினே?" என்றார் அதிகாரி.

தம்பி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதிகாரியே தொடர்ந்தார்.

"எங்க ஒபிஸ்ல எல்லா மெஷின்லயும் சென்னைதான் போட்டிருக்கோம். இல்லாட்டி அரை மணித்தியாலம் பிழைக்கும். அது ஒனக்கும் தெரியும். முதல்ல அங்கதான் போனே."

"தெரியும், சேர்," என்றார் தம்பி ஆங்கிலத்தில்.

"அப்ப என்னைப் பார்த்துப் பயந்திருக்கே. பயப்பட என்ன இருக்கு?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் பிழைதான். நான் வாயெடுத்தேன். அவர் என் பக்கம் கையை மட்டும் உயர்த்தினார், நான் மூடிக்கொண்டேன். சிஸ்டம் முடிந்து, பச்சை மலையும் நீல வானமும் திரையில் வந்தன. அவர் எழுந்து, தம்பியின் அட்டையைத் தன் சேர்ட் பொக்கெட்டில் போட்டார்.

"நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து எடுத்துக்கோ."

அட்டை இல்லாமல் ஒரு செக்பொயின்டைத் தாண்ட முடியாது. தம்பி அன்று மேலே போனவர் சாப்பிடவும் இறங்கவில்லை. மறுநாள் நான் பட்டறையை மூடிவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கூடவே போனேன். வாங்கில் வெகுநேரம் உட்கார வைத்தார்கள். பிறகு தம்பியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். பகல் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வெளியே வந்தார், அட்டை கையில் இருந்தது.

"என்ன கேட்டாங்க?"

"ஒண்டும் கேக்கேல்லை. அங்க ரெண்டு கம்பியூட்டர் கிளம்பாமக் கிடந்தது. சிஸ்டம் போட்டுக் குடுத்திட்டு வாறன். இனி பழுதெண்டால் ஆள் அனுப்புவினமாம்."

எனக்குப் பெரிய நிம்மதி. "பாத்தீங்களா தம்பி, நல்லதாப் போச்சு. அவங்களுக்கே வேலை செஞ்சு குடுத்த ஆளை இனி எவன் தொடுவான்?"

வாவிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். அவர் நின்றார்.

"ஐயா, இண்டைக்கு நான் அந்த வாசலால போனதையும் வந்ததையும் எத்தனை பேர் பாத்திருப்பினம்? கிழமைக்கு ஒருக்காப் போய் வந்தால் எங்கட ஆக்கள் என்னை என்னவெண்டு நினைப்பினம்? ஸ்டேஷன்ல ஏதும் ஒண்டு களவு போனால் பொலிஸ்காரர் ஆரைப் பிடிப்பினம்? இவ்வளவு நாளும் ஒரு பக்கத்துக்குத்தான் பயம். இனி ரெண்டு பக்கமும்."

"நான் இருக்கேன் தம்பி."

"ஓம் ஐயா," என்றார். என் மனம் நோகக்கூடாதென்று சொன்னார்.

அந்தக் கிழமை முடியுமுன் அறையைக் கூட்டித் துடைத்து, சாவியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் பட்டறையில் இருந்தேன். எங்கே போகிறார் என்று அவளிடமும் சொல்லவில்லை, எனக்கும் ஒரு வார்த்தை விட்டுப்போகவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. ஊரே பயந்தபோது கதவு திறந்துவிட்டவன் நான்.

மாதம் ஒன்று போயிருக்கும். வாசலில் ஜீப் நின்றது. அதே அதிகாரி, இந்தமுறை சப்பாத்தைத் துடைக்கவில்லை.

"ஆள் எங்க?"

"போயிட்டாரு, மாத்தயா."

"எங்க போனான்?"

"தெரியாது."

அவர் என் முகத்துக்கு வெகு கிட்டே வந்து கண்ணைப் பார்த்தார். இரண்டாம் முறையும் கேட்டார், மூன்றாம் முறையும் கேட்டார். பொய் சொல்லியிருந்தால் என் கண் காட்டிக்கொடுத்திருக்கும், அந்த ஆள் அதையெல்லாம் வாசிக்கக்கூடியவர். எனக்கு உண்மையிலேயே தெரியாது. தம்பி எனக்காக விட்டுப்போனது அதைத்தான் என்று அந்த வாசற்படியில் நிற்கும்போதுதான் விளங்கியது. ஜீப் திரும்பிப் போகும்வரை அசையாமல் நின்றேன். ஆத்திரம் அன்றோடு போனது. அவர் எங்கே இருக்கிறார் என்று அதன் பிறகு நான் ஒருவரிடமும் விசாரித்ததில்லை.