சன்னலுக்கு எதிரே அகத்தி

அப்பாவும் சான்ட்ராவும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, கொல்லையில் ஒரு பழைய புடவையைக் கட்டியது. மொட்டையாக நின்ற அகத்தி மரங்களில், குழாயடியை மறைத்து. அவர் ஒரு முனை, அவள் ஒரு முனை.

"இழுத்துக் கட்டு பாப்பா. தொய்வு விட்டா காத்துல ஆடும்" என்றார் அப்பா சிங்கராயர். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். புடவையும் அவருக்குக் கம்பிதான்.

அம்மா சகாயம்மாள் எட்டிப் பார்த்தாள். "அது எங்க அண்ணன் எடுத்துக் குடுத்த புடவை."

"தெரியும். அதனாலதான் இதை எடுத்தேன்."

மறைப்பு எதற்கென்றால், பக்கத்து வீட்டு வைத்தியலிங்கம் மாடி எடுத்திருந்தார். மாடியறையின் ஒரே சன்னல் சிங்கராயரின் குழாயடியை நேராகப் பார்த்தது. மனிதர் கெட்டவர் இல்லை. மனைவி போன பிறகு பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாதவர். "சிங்கராயரே, முதுகுல சோப்பு இருக்கு" என்று மேலேயிருந்து சொல்வார். அப்பா திரும்பி நின்று, "இப்ப?" என்பார். பல வருஷம் இப்படியே போனது.

அப்பாவுக்குக் குடலில் அறுவை ஆனதும் இது நின்றது. வயிற்றோரம் மலம் இறங்க ஒரு பையை மாட்டி அனுப்பியிருந்தார்கள். அப்பா அதற்குப் 'பார்சல்' என்று பெயர் வைத்தார். பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து ஜெபம் சொன்னபோது பை சத்தம் போட்டது. "ஆமென் சொல்லுது சாமி" என்றார். வீட்டுக்குள் இவ்வளவு வாய். வெளியே ஒரு ஆளுக்குத் தெரியக் கூடாது, மாடிக்குத் தெரியவே கூடாது. வீட்டில் குளியலறை இருந்தது. அவரே நின்று கட்டியது. உள்ளே ஆள் நின்றால் வாளிக்கு இடம் இருக்காது. பையைக் கழுவி மாற்ற வெளிச்சம் வேண்டும், குனிய இடம் வேண்டும். குழாயடியை விட்டால் வழியில்லை.

சான்ட்ரா திருச்சியில் கட்டடப் பொறியாளர். டேப் பிடித்து, சன்னல் உயரமும் குழாயடித் தூரமும் எடுத்து, "ஏழரை அடிக்கு அடர்த்தியா இருந்தா போதும். பச்சை வலை கட்டிடலாம்" என்றாள்.

"வலை கட்டினா என்னத்த மறைக்கிறான்னு கேப்பாங்க. செடி வச்சா செடி வச்சிருக்கான்னுதான் நினைப்பாங்க."

நர்சரியில் விசாரித்து நெட்டிலிங்கம் என்றாள்.

"அந்த உயரத்துக்கு எவ்வளவு நாளாகும்?"

"மூணு வருஷம்."

"டாக்டர் எனக்கு அவ்வளவு குடுக்கலியே."

மூங்கில் என்றாள். "பாம்பு குடித்தனம் வரும்." சவுக்கு என்றாள். "கீழ தழை கழண்டுரும். கால் மட்டும் தெரிஞ்சா யாரு காலுன்னு தேடுவாங்க."

சர்வீஸ் முழுக்க மரக்கிளை கழித்தவர் அவர். எது சீக்கிரம் கம்பியைத் தொடும் என்பதை வைத்துத்தான் மரங்களைத் தெரியும். "அகத்தி" என்றார். "வெட்டிட்டு ஏணியை விட்டு எறங்குறதுக்குள்ள தொடும்."

கும்பகோணத்துப் பக்கம் ஒரு வெற்றிலைக் கொடிக்காலில் விதை வாங்கி வைகாசியில் நெருக்கமாக ஊன்றினார். ஆடியில் அது ஆளை மறைத்தது. அப்பா கல்லில் உட்கார்ந்து நிதானமாகக் குளித்தார்.

"சிங்கராயரே, இருக்கீங்களா?" என்றது மாடி.

"இல்ல" என்றார்.

ஆடி அமாவாசையன்று காலையில் கதவைத் தட்டினார்கள். திதி கொடுத்துவிட்டு மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுக்க வேண்டும், ஒரு கைப்பிடி போதும். கத்தோலிக்க வீட்டில் யாருக்கும் இது தோன்றியிருக்கவில்லை. அப்பா முதல் ஆளுக்கு ஒடித்துக் கொடுத்தார். பிறகு தெருவே வந்தது. அடுத்து ஏகாதசி விரதக்காரர்கள் துவாதசிக்கு வந்தார்கள்.

"இல்லன்னு சொல்லுங்கப்பா" என்றாள் சான்ட்ரா.

"செத்தவங்க பேரைச் சொல்லிக் கேக்குறாங்க. நாளைக்கு அந்தப் பக்கம் போனா நான்தானே அவங்க மூஞ்சில முழிக்கணும்."

திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் திதி போட்ட காலண்டர் ஏறியது. அமாவாசை கழிந்தால், மரம் மறுபடி தழையும்வரை, அவர் இருட்டோடு எழுந்து குளித்தார்.

ஆனால் மகாளய அமாவாசைக்கு மறுநாள் மறந்துபோனார். மரத்தில் குச்சிகள்தான் மிச்சம். அப்பா பழக்கத்தில் துண்டை அவிழ்த்தார்.

"சிங்கராயரே, இடுப்புல என்ன, பணப் பையா?"

"ஆமா சார். லஞ்சம் வாங்குனது. மேல கொண்டாரவா?"

கொஞ்ச நேரம் கழித்துச் சன்னல் மெதுவாக, சத்தம் வராமல் சாத்திக்கொண்டது.

"படார்னு சாத்தியிருந்தாக்கூட பரவாயில்ல" என்றார் அப்பா, போனில் சான்ட்ராவிடம். சன்னல் மறுநாளும் திறக்கவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. புரட்டாசிப் புழுக்கம். "ஒத்தச் சன்னல் ரூமு. எனக்குப் பாவம் பாத்து அந்த மனுசன் வெந்துருவாரு. நமக்கு மறைப்பு வந்தாத்தான் அவரு தொறப்பாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சான்ட்ரா வந்து புடவை கட்டியது. வெயில் ஏறியதும் புடவைக்குள் ஆள் அப்படியே தெரிந்தது. சன்னல் அசையவில்லை. அவள் திருச்சிக்குப் போன பிறகு அப்பா கூப்பிட்டார்.

"கிளுவை. பேராவூரணில நம்ம ஃபாஜில்கிட்ட சொல்லிட்டேன்." ஃபாஜில் அவரோடு வேலை பார்த்தவர், இப்போது தென்னந்தோப்புக்காரர். "ஆளை விட ஒசரமா கிளையை வெட்டிப் போத்தாத் தர்றான். நெருக்கி நட்டா அன்னிக்கே வேலி. அதுல போய் யாரு கீரை பறிக்கப் போறா? சனிக்கிழமை போய் எடுத்தாந்துர்றேன்."

"நீங்க பஸ்ல போக வேணாம்."

"சீட் குடுப்பாங்க. பார்சலைக் காட்டுனா பஸ்ஸையே குடுப்பாங்க."

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இறந்துபோனார்.

சான்ட்ரா அழவில்லை. சாய்ந்திருந்த ஷாமியானா கம்பத்தை இரண்டு முறை நேராக்கினாள். வைத்தியலிங்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கல்லறைவரை நடந்து வந்தார், திரும்பியதும் மாடிக்குப் போனார்.

சனிக்கிழமை அடக்கம் முடிந்த சாயங்காலம் அப்பாவின் போன் அடித்தது.

"என்னண்ணே, காலையிலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன். போத்தெல்லாம் வெட்டிச் சாக்கு சுத்தி வச்சிருக்கேன்."

சான்ட்ரா இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். ஃபாஜில் எப்போது, எப்படி என்று கேட்டார். பிறகு, "இந்தப் போத்தை என்னம்மா பண்ணட்டும்?" என்றார்.

அவள் கொல்லையில் நின்றாள். மேலே சன்னல் சாத்தியே இருந்தது. உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது.

"தண்ணி தெளிச்சு நிழல்ல வைங்க. நான் வந்து எடுத்துக்கிறேன்" என்றாள்.