கேட்டால் கழட்டணும்

சாணார்பட்டி பக்கம் நிலக்கடலை எடுத்த காட்டில் நாங்கள் கார் பந்தயம் ஓட்டுகிறோம் என்றால் திண்டுக்கல்லிலேயே பாதிப் பேர் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். உடைப்புக்குப் போகவேண்டிய எண்ணூறு சிசி கார்கள், உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, தலையில் ஹெல்மெட், கண் மறைக்கும் புழுதி. பேகம்பூரில் சீட் கவர் தைத்துப் பிழைக்கிற நானும் அதை ஓட்டுகிறவர்களில் ஒருத்தி. "பொம்பளைக்கு எதுக்கு இது" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பின்பக்க பம்பரைக் காட்டியிருக்கிறேன்.

எங்களுக்கு ஒரே சட்டம்: கேட்டால் கழட்டணும். ஜெயித்த காரின் எஞ்சினை அன்று தோற்றவர்களில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஜெயித்தவர் அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, கேட்டவருடைய எஞ்சினை வாங்கிக்கொள்ள வேண்டும். கைமாறிப் போகிற எஞ்சினுக்கு யார் கொட்டிச் செலவு செய்வார்கள்? அதனால்தான் சீட் தைக்கிறவளும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அண்ணனும் ஒரே கோட்டில் நிற்க முடிந்தது.

போன கோடையில் ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவருடைய எஞ்சின் கோயம்புத்தூரில் பணத்தைக் கொட்டி வேகம் ஏற்றிய எஞ்சின். பானெட்டைத் திறக்கவே வேண்டாம், சத்தமே சொல்லிவிடும். முதல் மூன்று பந்தயமும் அவருக்கே. ஒருவர்கூட எஞ்சினைக் கேட்கவில்லை. அவர் பந்தல் போட்டு, எல்லோருக்கும் பிரியாணி வைத்துவிட்டார். சாப்பிட்ட கையோடு எப்படிக் கேட்பது என்று எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். மூன்றாவது பந்தயத்துக்கு இரண்டு பேர் வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்டபோது, "ஜெயிக்கவா போறோம்" என்றார்கள்.

எனக்கு அப்போதுதான் பற்றிக்கொண்டு வந்தது. நாலாவது பந்தயத்திலும் அவர்தான் முதல், நான் ஐந்தாவது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நேராக அவர் காரிடம் போனேன்.

"எஞ்சினைக் குடுங்க."

அவர் சிரித்தார். "ஏனுங்க, ஒரு எஞ்சினுக்காகவா இப்படிக் கேக்கறீங்க? வேணும்னா நல்லதா ஒண்ணு வாங்கித் தாரேனுங்க."

"வாங்கித் தர வேணாம். கழட்டுங்க."

டிரைவிங் ஸ்கூல் அண்ணன் ஓடிவந்தார். "செத்த நேரம் சும்மா இரு தங்கச்சி. நாளைக்கு அவரு வரலேன்னா பந்தல் யாரு போடுவா?"

"வெயில்ல நிப்போம்ணே. அவரு வரதுக்கு முன்னாடி எங்க நின்னோம்?"

மண்டிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் வந்த அன்றே சட்டத்துக்குத் தலையாட்டியவர், மறுக்க வழியில்லை. கழற்றினார். அன்றைக்கு அவருடைய பிரியாணியை நான் தொடவில்லை.

அடுத்த பந்தயத்தில் அந்த எஞ்சினோடு நான்தான் முதல். இத்தனை வருடத்தில் முதல் தடவை. பொய் சொல்வானேன், ஆக்சிலேட்டரை மிதித்ததும் அது சீறிய சீறலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரை நிறுத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

"அக்காகிட்டப் போய் எப்படிக் கேக்குறது" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. மண்டிக்காரருக்குக் காட்டிய அதே கூச்சம். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் அப்படிப் போனால் நானும் ஒரு பந்தல்காரிதானே.

பானெட்டைத் தூக்கி நிறுத்தினேன்.

"யாராச்சும் கேளுங்க. கேக்காம இங்கிருந்து ஒரு வண்டியும் நகராது."

பிறகு டிரைவிங் ஸ்கூல் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். அன்று பந்தயத்தில் கடைசியாக வந்தவர் அவர்தான்.

"கோவிச்சுக்காத தங்கச்சி. நான் கேக்குறேன்."

முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினேன். மறுபக்கம் யாரோ உட்கார்ந்த சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். மண்டிக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இன்னொரு ஸ்பேனரோடு.

"இந்தப் பக்கத்து போல்ட்டு கொஞ்சம் மொரண்டு பிடிக்குமுங்க" என்றார். "நான் கழட்டுறேன்."

அண்ணனின் எஞ்சின் ஆயில் ஒழுகுகிறது, ஏற்றத்தில் இருமுகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதோடுதான் கோட்டில் நிற்கப்போகிறேன். என்னை முந்த நினைக்கிறவர்கள் நன்றாக ஓட்டி முந்தட்டும்.