சேந்து கிணற்றில் செத்த விரால்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாங்கிளாஸோடு சரி, அதுவும் மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து ஊட்டில் பார்த்துப் பழகினது. எதை முன்னே சொல்வது, எதைப் பின்னே சொல்வது என்று பிடிபடவில்லை, பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்க.

எழுபத்தஞ்சாம் வருசத்துக்கு முன்னே பின்னே இருக்கும். கல்யாணமாகி மலையாள எல்லையில் வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஊட்டுக்கு வந்திருந்தேன். யாரிடமும் பேச எனக்கு வாய் வராது. மாமனார் முன்னால் மருமகள் பேசுகிற வழக்கமும் அங்கே இல்லை. எது வேணும்னாலும் அத்தையிடம் சொல்லி, அத்தை அவரிடம் சொல்லணும். அதனால் நான் மனசு விட்டுப் பேசினதெல்லாம் கிணத்து மீனிடம்தான்.

குடிதண்ணிக்குப் பின்வாசலோரம் ஒரு சேந்து கிணறு. தண்ணியில் பூச்சி புழு சேராமல் இருக்க, எங்க ஊட்டுக்காரர் சித்தூர் ஆத்திலிருந்து ஒரு விரால் குஞ்சைக் கொண்டுவந்து விட்டிருந்தார். ரெண்டு வருசத்தில் அது முழங்கை நீளம் ஆயிருச்சு. வாளி தண்ணியைத் தொட்டதும் மேலே வந்து வாயைத் திறக்கும். சோத்துப் பருக்கை போடுவேன். அம்மா ஊட்டு நினைப்பு, குழம்பில் உப்பு கூடினது, எல்லாம் அதுகிட்டச் சொல்வேன். யாரிடமும் போய்ச் சொல்லாது பாருங்க.

கள்ளு இறக்க வரும் மலையாளத்துக்காரர் எட்டிப் பார்த்து, "ஏட்டத்தி, மீனு வலுதாயல்லோ! கொடம்புளி ஞான் கொண்டுதராம்" என்பார், மீன் பெருசாயிருச்சு, குழம்புக்குப் புளி நான் கொண்டுவந்து தர்றேன் என்று. அத்தை உள்ளே இருந்து, "உன்னையத்தான் கொழம்பு வெக்கோணும், போயி மரத்துல ஏறு" என்பாங்க. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடிருவேன்.

அன்னைக்கு மாட்டுச்சந்தை. மாமனாரும் ஊட்டுக்காரரும் ஒரு சோடி எருதை ஓட்டிக்கொண்டு வெள்ளெனவே போயிட்டாங்க. அத்தை ஒரு எழவு ஊட்டுக்குக் கிளம்பினாங்க. நான் தூரம். அந்த மூணு நாளும் பின்னால் கொட்டாயில்தான் இருக்கணும், கிணத்துப் பக்கம் போகக் கூடாது. அத்தை குடமெல்லாம் நிறைச்சு வெச்சுட்டுப் போனாங்க.

காலையில் பண்ணையத்து ஆள் வந்து பருத்திக்கு மருந்தடிச்சார். அப்போ அவரை எல்லாரும் அவன் இவன் என்றுதான் பேசினோம். இப்போ அப்படி எழுதக் கை வரவில்லை. அவருக்கும் கிணத்தைத் தொட அனுமதியில்லை. எனக்கு மூணு நாள், அவருக்கு எந்நாளும். வேலையை முடிச்சு டப்பாவைக் கழுவிக்கொண்டு அவர் போயிட்டார்.

மத்தியானம் கன்னு போட்ட எருமை தண்ணிக்குக் கத்த ஆரம்பிச்சது. கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குடத்துத் தண்ணி எருமைக்குப் பத்தாது, மனசும் கேட்கவில்லை. யாரும் இல்லையே என்று போய் நாலு வாளி சேந்தி ஊத்தினேன். மீன் எப்பவும் போல மேலே வந்தது. "இன்னைக்கு என்னைப் பார்க்கலைன்னு சொல்லு" என்றேன்.

மறுநாள் காலையில் அத்தை போட்ட சத்தத்தில் எழுந்தேன். மீன் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்துச்சு. மாமனார் வாளியில் கோரி எடுத்தார். காயமில்லை, ஒரு செதில் கூடப் பிசகவில்லை. கிட்டப் போக முடியாமல் கொட்டாய்க் காலைப் பிடிச்சுக்கொண்டு நின்னேன். என் தீட்டுப் பட்டுத்தான் செத்துச்சு என்று நினைச்சேன்.

மாமனாருக்கு வேறு நினைப்பு. ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

"டப்பாவ எங்கடா கழுவுனே?"

"கீழ ஓடையிலீங்க, பண்ணாடி. கெணத்துப் பக்கம் நான் எந்நாளு வந்துருக்கறனுங்க?"

"மருந்து எறங்காம மீனு எப்படிடா சாகும்? ஊட்டோட குடிச்சுச் செத்திருப்பமே. இன்னைக்கே குடிசையக் காலி பண்ணிக்க."

அவர் துண்டைக் கையில் பிடிச்சிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கு. என்னால் ஒரு குடும்பம் தெருவில் நிக்கப் போகுதே என்று தோணினதும் எங்கிருந்து வாய் வந்ததோ, "மாமா, அவன் இல்லீங்க. நான் தூரமுங்க" என்றேன்.

மாமனாருக்குக் கொஞ்சம் காது மந்தம். மருமகள் பேசினதே அவருக்கு அதிசயம். சுத்திப் பார்த்துட்டு, "எங்கம்மிணி தூரம்? கெணறு இங்கதான இருக்குது?" என்றார்.

"தூரமுங்க, மாமா!" அழுகையோடு இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, முந்தானையை வாயில் வெச்சுக்கிட்டாங்க. மாமனாருக்கு விளங்கினதும் முகம் சுருங்கி, எருமை நின்ன கட்டுத்தரைப் பக்கம் திரும்பி நின்னுட்டார்.

எருமைக்குச் சேந்தினதை அத்தையிடம் சொன்னேன். திட்டு விழும் என்று நினைச்சேன். அவங்களோ, "மருந்தடிச்சதுக்கு அப்பறமா சேந்துனே?" என்று கேட்டாங்க. ஆமாம் என்றேன். உடனே மாமனார் காதில் விழுகிற மாதிரி, "ஏனுங்க, நாலு வாளி குடிச்ச எருமை அங்க அசை போட்டுட்டு நிக்குது. தண்ணியில வெசம் எங்கீங்க இருக்குது?" என்றாங்க.

மாமனார் எருமையைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். "செரி, போயி வேலையப் பாக்கச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

அத்தை என் பக்கத்தில் வந்து மெதுவாக, "நானுந்தான் எத்தன தடவ சேந்தியிருக்கறேன், கண்ணு. எதுவும் சாகுல. நீ மனசுல வெச்சுக்காத" என்றாங்க. நான் தொடக்கூடாத நாளில் மீனை என் கையிலேயே கொடுத்து, "உன்ற மீனு, நீயே பொதைச்சுட்டு வா" என்றாங்க. அது அத்தனை கனம் என்று கையில் வாங்கின பிறகுதான் தெரிஞ்சுது.

எதனால் செத்தது என்று இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வயசு என்றார் ஒருத்தர், காக்காய் எதையோ போட்டிருக்கும் என்றார் இன்னொருத்தர்.

அந்த ஆள் காலமாகி ரொம்ப நாளாச்சு. அவர் மகள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருப்பதாகச் சொன்னாங்க. "குடிசையைக் காலி பண்ணு" என்றதோடு அவர் போயிட்டாரா, நான் பேசினதைக் கேட்டாரா, எனக்கு ஞாபகமில்லை. வேலைக்கு மறுபடி அன்னைக்கே வந்தாரா, ரெண்டு நாள் கழிச்சா, அதுவும் தெரியலை. யாராவது அந்தப் புள்ளையிடம் விசாரிச்சு, நான் எழுதினதில் தப்பிருந்தால் திருத்திக் கொடுங்க.