நசுங்காத எலுமிச்சம்பழம்

தன் காரில் இன்னொருவர் கை பட்டால் பாவாடைக்குக் காய்ச்சலே வந்துவிடும். பதினெட்டு வருஷமாகச் செஞ்சியில் அந்த வெள்ளைக் காரை வைத்திருக்கிறார். கிளட்ச், சைலன்சர், ரேடியேட்டர் எல்லாம் அவர் கைவேலைதான். மெக்கானிக் தேவேந்திரன் கடையைத் தாண்டும்போது வேண்டுமென்றே ஹாரன் அடித்துவிட்டுப் போவார். அப்படி ஒரு வீம்பு.

போன வாரம் அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. குனியக்கூடாது, வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மனுஷன் கேட்டால்தானே! பின்சக்கரத்து பிரேக்கில் ஆயில் கசிகிறது என்று, கறுப்புக் கண்ணாடியோடு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். உள்ளே இருந்த ரப்பர் வாஷர் உப்பிப்போயிருந்தது. புதுசு போடாமல், அதையே பெட்ரோலில் அலசித் திரும்ப மாட்டினார். மனைவி அம்மாக்கண்ணு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அவர் சொன்னபடி பெடலை மிதித்து மிதித்து விட்டாள்.

"கால் உள்ள போவுதுங்க."

"ரெண்டு தரம் மிதி. புடிக்கும்."

பிடித்தது. அதோடு திருப்தியாகிவிட்டார்.

மறுநாள் அமாவாசை. அவருக்குக் கண் நல்லபடியாக ஆனால் மேல்மலையனூர் வருவதாக அம்மாக்கண்ணு அங்காளம்மனிடம் வேண்டியிருந்தாள். காரை ஓட்டப்போவது மகள் கலைவாணி. விழுப்புரத்தில் நர்ஸ் வேலை. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் பாவாடைதான்.

"பிரேக் மொத மிதியில புடிக்கலன்னா பயப்படாத. ரெண்டு தரம் மிதிச்சா புடிக்கும். போன் வந்தா எடுக்காத."

"தெரியும் நைனா."

அம்மாக்கண்ணு கற்பூரம் ஏற்றி, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். கலைவாணி வண்டியை மெல்ல நகர்த்தி நிறுத்தினாள். அம்மாக்கண்ணு சுற்றி வந்து பார்த்தாள். இடது பின்சக்கரம் நின்ற இடம் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, வழவழன்னு இருக்குது?"

"பழம் நசுங்குனா சாறு வராம பாலா வரும்? ஏறு, கூட்டம் சேர்ந்துடப்போவுது."

வாசலில் நின்றபடியே சொன்னார். நாலு அடி நடந்து வந்து பார்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அம்மாக்கண்ணு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஏறினாள். கார் கோட்டைப் பக்கம் திரும்பி மறைந்தது.

நசுங்கிய பழத்தை யாரும் மிதித்துவிடக் கூடாது என்று பாவாடை முறத்தோடு வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதை, இடது பின்சக்கரத்துப் பழத்தை, காணவில்லை. தேடினார். சாக்கடை ஓரமாக உருண்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தார். முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை.

ஓடிப்போய்க் குனிந்து, சக்கரம் நின்ற இடத்து ஈரத்தைத் தொட்டு முகர்ந்தார். பிரேக் ஆயில்.

கலைவாணிக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. சொன்ன பேச்சைத் தட்டாத பெண். அம்மாக்கண்ணுவுக்குப் போட்டால் அவள் போன் உள்ளே சார்ஜரில் அலறியது. வழியில் வளத்தி ஊரைத் தாண்டினால் ரோடு முழுக்கக் கோயிலுக்கு நடந்து போகிற ஜனமாக இருக்கும். எடுத்துத் தொலையேன் என்று அழுதபடியே போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் எடுத்தது ஓர் ஆண்குரல்.

"போன்ல நைனான்னு இருக்குது. நீங்கதான் அவங்க அப்பாவா? ஜனத்து மேல போகாம வண்டிய ஒடிச்சதுல, புளியமரத்துல மோதிடுச்சுங்க. பெரியம்மாவுக்குப் பேச்சு மூச்சு இல்ல, ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோம்."

"எம் பொண்ணு?"

"அடி ஒண்ணும் பெருசா இல்லீங்க. ஆனா எறங்க மாட்டேங்குது. ரெண்டு தரம் மிதிச்சா புடிக்கும், ரெண்டு தரம் மிதிச்சா புடிக்கும்னு சொல்லிக்கினே பெடல மிதிச்சிக்கினு இருக்குது. நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன், கால எடுக்கச் சொல்லி. இந்தாங்க, காதுல வைக்கிறேன்."