கண் மூடிய தேவதை

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. வெளிநாட்டுக்கு வந்து, டோர்செட் பார்க் என்ற இடத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தவள் சப்பாத்தைக் கழற்றாமலே ஒரு கதை சொன்னாள். முந்தி இங்கிலாந்தில் இரண்டு சின்னப் பெட்டைகள் தேவதைகளைக் காகிதத்தில் வரைந்து வெட்டி, ஊசியால் செடிகளுக்குள் நிறுத்தி, அவற்றோடு படம் எடுத்தார்களாம். படித்த பெரிய மனிதர்களெல்லாம் அதை நம்பினார்களாம். கிழவிகளான பிறகுதான் அந்தப் பெட்டைகள் உண்மையைச் சொன்னார்களாம். எங்களைக் கட்டி ஆண்ட ஆட்கள் காகிதத்துக்கு ஏமாந்தார்கள் என்பது எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாகத்தான் இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன்.

பக்கத்துக் கதவு அக்காவுக்கு அந்த நாட்களில் சிரிப்பு வருவதில்லை. அவர் தீவுப்பக்கத்து வேதக்காரர், கழுத்தில் சிலுவை போட்டிருப்பார். ஏஜென்சிக்காரனை நம்பித் தனியே வந்தவர். ஐந்து வயது மகளை ஊரில் தமக்கையிடம் விட்டிருந்தார். ஸ்பொன்சர் கடுதாசி சரிவந்ததும் கூப்பிடுவதாக இருந்தது. அதற்குள் அங்கே சண்டையில் சனமெல்லாம் இடம்பெயர, தமக்கையிடமிருந்து ஒரு தகவலும் இல்லாமல் போயிற்று. மாதக்கணக்காக இல்லை.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊரில் ஒரு சாவு என்றால் வெளிநாட்டில் இருக்கிறவருக்குச் சொல்லமாட்டார்கள். தனியே இருக்கிறாள், தாங்கமாட்டாள் என்று மறைப்பார்கள். அயலட்டை முழுக்கத் தெரிந்திருக்கும், உரியவருக்கு மட்டும் தெரியாது. என் தகப்பன் செத்ததை எனக்கும் இப்படித்தான் மறைத்தார்கள், அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அக்காவுக்கும் இந்தப் பழக்கம் தெரியும். லிஃப்டில் கதைத்துக்கொண்டு நிற்கும் தமிழர் இரண்டு பேர் அவரைக் கண்டு பேச்சை நிறுத்தினால், அவர் முகம் கறுத்துவிடும். அவர்கள் வாடகையைப் பற்றிக் கதைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் மகளின் பிறந்தநாளுக்குப் பிறகு, கமராவில் மிஞ்சியிருந்த பிலிமை அவளிடம் விட்டுவிட்டேன். பிளாசாவில் கழுவிக்கொண்டு வந்த படங்களைப் பார்க்கும்போது கடைசிப் படத்தில் கை நின்றுவிட்டது. பூக்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பிள்ளை வெள்ளை உடுப்போடு, தலையில் பூமுடியோடு, முதுகில் இறக்கைகளோடு கண்ணை மூடிப் படுத்திருந்தது.

“உது ஆரடி?” என்று கேட்டேன்.

“ஃபெயரி, அம்மா. ஷீ இஸ் ஸ்லீப்பிங்.”

அக்கா ஒருமுறை அவளுக்குத் தன் மகளின் படம் ஒன்றைக் கொடுத்திருந்தார், “உங்கடை தங்கச்சி, வந்து உங்களோடை விளையாடுவா” என்று சொல்லி. வெயில் முகத்தில் அடித்துப் பிள்ளை கண்ணை மூடிவிட்ட படம். அதனால்தான் அதைக் கொடுக்க அவருக்கு மனம் வந்தது. நல்ல படங்கள் எல்லாம் அவருடைய அல்பத்தில் இருந்தன. என் மகள் அந்த உருவத்தை வெட்டி, ரிஷ்யூப் பேப்பரில் வெள்ளைச் சட்டை ஒட்டி, காகிதத்தில் பூமுடியும் இறக்கையும் வைத்து, கட்டடத்துக்குப் பின்னால் வேலியோரப் பூக்களுக்குள் நிறுத்தப் பார்த்திருக்கிறாள். காற்றில் விழுந்து விழுந்து போயிருக்கிறது. அதனால் படுக்கவைத்துவிட்டாள்.

“இப்பிடிப் படுக்கவைச்செல்லாம் படம் எடுக்கக் கூடாது” என்று அவளை ஏசினேன். ஏன் என்று கேட்டாள். படத்தை மற்றப் படங்களுக்கு அடியில் வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன்.

அடுத்தநாள் அக்கா கறிவேப்பிலைக்கு வந்தார். நான் குளிர்ப்பெட்டிக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருக்க, அவர் மேசையில் இருந்த படங்களைப் புரட்டினார். திரும்பிப் பார்த்தேன், ஆள் இல்லை. கதவு திறந்தபடி கிடந்தது. சுகமில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு வேலைக்கு ஓடினேன்.

வேலையால் வரும்போது அக்காவின் கதவடியில் சப்பாத்துக் குவியல். இரண்டு பெண்கள் சாப்பாட்டுச் சட்டியோடு உள்ளே போனார்கள். சாவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்தான் கொடுப்பார்கள். ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே என்று முதலில் ரோசம்தான் வந்தது. உள்ளே போனால், மேசையில் மெழுகுதிரி எரிந்தது. அதன் முன்னால் என் மகள் எடுத்த படம்.

வேதக்காரருடைய ஒரு வழக்கத்தை அன்றைக்குத்தான் அறிந்தேன். குஞ்சுப் பிள்ளை செத்தால் சம்மனசாக, அதுதான் வானதூதராக, மோட்சத்துக்குப் போகிறது என்று, வெள்ளை உடுத்தி, பூமுடி வைத்து, அடக்கம் செய்யமுதல் படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்களாம். அந்தப் படம் தன்னிடம் வராமல் என்னிடம் வந்திருக்கிறது என்றுதான் அக்கா நினைத்திருக்கிறார்.

“அக்கா, உது என்ரை மகள் வெட்டி ஒட்டின விளையாட்டு.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீரும் சேர்ந்து மறைச்சுப்போட்டீர். இனியும் ஏன் பொய் சொல்லுறீர்?”

சத்தியம் செய்தேன். சுற்றியிருந்தவர்கள் என் தோளைத் தட்டி, விடும் விடும் என்றார்கள். மறைத்து மறைத்துப் பழகிய சனத்துக்குள் உண்மையைச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? எனக்கு எல்லார்மேலும் ஆத்திரமாக வந்தது. ஓடிப்போய் மகளைக் கூட்டி வந்தேன். அவள் வெட்டின தேவதையையும், மேசை லாச்சிக்குள் வைத்திருந்த, வெட்டின மிச்சப் படத்தையும் கொண்டுவந்தாள். அதில் கிடுகுவேலிக்கு முன்னால் பிள்ளை நின்ற இடம் ஓட்டையாக இருந்தது. அக்கா பூமுடியையும் இறக்கைகளையும் சட்டையையும் உரித்தார். உருவத்தை எடுத்து ஓட்டைக்குள் வைத்தார். நன்றாகப் பொருந்தியது.

திரியை அவரே ஊதி அணைத்தார். என் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார். கொண்டுவந்த சாப்பாட்டை எல்லாரும் இருந்து சாப்பிட்டோம். என் மகள் அன்றைக்கு ஒரு பெரிய ஆள்தான். ஆனால், சாவுக்கென்று ஒருமுறை கொளுத்திவிட்ட திரி அது என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை.

பனி கொட்டத் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை, அக்கா கதவைத் தட்டினார். கையில் ஒரு படம். ஊரிலிருந்து வந்த யாரோ கொண்டுவந்து கொடுத்தார்களாம். வெள்ளை உடுப்பு, பூமுடி, மூடிய கண். இறக்கை இல்லை. காய்ச்சலாம், மருந்து கிடைக்கவில்லையாம், தமக்கை இவ்வளவு நாளும் சொல்லாமல் வைத்திருந்தாராம். இதையெல்லாம் எனக்குப் பிறகு மற்றவர்கள்தான் சொன்னார்கள். அக்கா அழவில்லை. என்னைத் தாண்டி என் மகளைத்தான் பார்த்தார்.

“பிள்ளை, இதை வெட்டின மிச்சப் படத்தைக் கொண்டு வாங்கோ.”

மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், லாச்சியைத் திறந்து தேடத் தொடங்கினாள்.