எட்டு மணி வகுப்பு

எழுபதுகளின் நடுப்பகுதியில், பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழக எல்லையை ஒட்டியிருந்த ஒரு கல்லூரியில் நான் தமிழ் விரிவுரையாளராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். மலையாளத்துக்கு ஐந்து பேர் இருந்தார்கள். தமிழுக்கு நான் ஒருத்திதான். ஆகவே முதலாண்டில் தமிழை இரண்டாம் மொழியாக எடுத்தவர்கள், எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தாலும், முற்பகல் பதினொரு மணிக்கு ஒரே அறையில் வந்து அமர்வார்கள். வரலாறு படிப்பவனும் வேதியியல் படிப்பவளும் சேர்ந்து ஒரே பாடலைக் கேட்பார்கள். அந்தப் பதினொரு மணியை வாங்குவதற்கு நான் இரண்டு ஆண்டுகள் முதல்வரின் அறைக்கு நடந்திருந்தேன். வாங்கியபின் அதை வேலி போட்டுக் காத்துவந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

அந்த நாளில் நிலவியல் கற்பிக்க ஒரு பெண் வந்து சேர்ந்தாள். என்னைவிட நான்கு வயது இளையவள். சாந்தன்பாறைக்கு அருகே ஓர் ஏலத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தாய் அந்தத் தோட்டத்தின் பண்டகசாலையில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை பார்த்துவந்தார். நிலவியலும் தமிழும் சேர்ந்து கிடைக்கும் கல்லூரி தன் மலைக்கு அருகில் எங்கும் இல்லாமையால், அவள் திருச்சிவரை சென்று படித்திருந்தாள். எங்கள் கல்லூரியில் நிலவியல் தனிப் பட்டப்படிப்பாக இல்லை. புவியியல் மாணவர்களுக்கு ஒரு துணைப்பாடமாக மட்டுமே இருந்தது. அதை முழுப் பட்டப்படிப்பாக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். முதல்வரும் இணங்கி, மூன்றாண்டுக்கான பாடத்திட்டத்தையும் முதலாண்டுக் கால அட்டவணையையும் வகுத்துத் தரும்படி அவளிடமே சொல்லிவிட்டார்.

நாங்கள் இருவரும் கல்லூரிக்கு அருகில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தோம். என் ஊர் பத்து மைல் தொலைவில் இருந்தாலும், வார இறுதியில் மட்டுமே போய்வருவேன். மாலையில் அவள் ஒரு பெரிய வரைதாளைத் தரையில் விரிப்பாள். சுருண்டுகொள்ளாதபடி நான்கு மூலையிலும் நான்கு கற்களை வைப்பாள். எந்தப் பாடம் எந்த ஆண்டில் வரவேண்டும் என்று பென்சிலால் எழுதுவாள், அழிப்பாள், மீண்டும் எழுதுவாள். கனிமங்கள் முதலாண்டில், பாறைகள் இரண்டாம் ஆண்டில், துணைப்பாடம் வேதியியலா கணிதமா என்பதற்கு மட்டும் ஒரு வாரம் ஆயிற்று. எங்கள் ஊருக்கு ஒருமுறை வந்தபோது, என் தந்தை மூன்றாவது முறையாக ஆழப்படுத்தியும் ஊறாத கிணற்றின் விளிம்பில் குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிய அன்று மாலையே மூன்றாம் ஆண்டில் 'நிலத்தடி நீர்' என்று ஒரு பாடத்தாளைச் சேர்த்தாள். "அக்கா, இது உங்கப்பாவோட தாளு," என்றாள்.

அவள் ஒவ்வொரு பாடத்தையும் எனக்கு விளக்குவாள். அதற்குத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று நான் தேடுவேன். சரியான சொல் அகப்படாத இடத்தில் கட்டமே வெறுமையாக இருக்கும். என் பிடிவாதத்தைக் கண்டு அவள் சிரிப்பாளே தவிர, ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை. என் வாழ்க்கையில் நான் மனமாரப் படித்த மாலைகள் அவைதாம்.

ஓணம் விடுமுறையில் என்னைத் தன் ஊருக்கு அழைத்துச் சென்றாள். மாணவர்களைக் களப்பயணம் அழைத்துச் செல்லவேண்டிய வழியை முடிவுசெய்வது நோக்கம். உடுமலைப்பேட்டை வழியாக மூணாறு ஏறி, பூப்பாறையில் இறங்கி, சாந்தன்பாறையை அடைந்தோம். அவள் தாயின் கைகளிலும் புடவையிலும் வீட்டுச் சுவரிலும்கூட ஏலக்காய் மணம் இருந்தது. சோற்றைப் பரிமாறிக்கொண்டே அவர் என்னிடம் முறையிட்டார்.

"நீங்களாச்சும் சொல்லுங்க டீச்சர். மூணு வருசம் கல்லப் படிச்சுப் பிள்ளைக என்னத்தக் காணப் போகுதுக?"

"நீ ஏலக்காயத் தரம் பிரிக்கேல்ல? நான் கல்லத் தரம் பிரிக்கேன். அம்புட்டுத்தாம்மா," என்றாள் மகள்.

"ஏலக்கா விக்கும். ஒங் கல்லு விக்குமாட்டி?"

மறுநாள் போடிமெட்டுச் சாலையில் ஒரு வளைவில், மலையை அறுத்துப் பாதை போட்டிருந்த இடத்தில் நின்றோம். கறுப்பும் வெளுப்புமாக வரியோடிய பாறையின் குறுக்கே, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கல் நரம்பு மேலிருந்து கீழாக ஓடிற்று. எது முந்தியது, எது பிந்தியது என்று என்னைக் கேட்டாள். பிறகு அவளே விளக்கினாள். சிவப்பு கறுப்பை அறுத்துக்கொண்டு போகிறது. அறுக்கப்பட்டது முன்பே அங்கு இருந்திருக்கவேண்டும் அல்லவா என்றாள். அத்தனை எளிதாக இருந்தது. தோட்டத்துப் பெண்களை ஏற்றிச் சென்ற ஜீப் ஒன்று எங்களருகே வேகம் குறைந்தது. "என்னா டீச்சர், ரோட்ட அளந்து பட்டா போடப் போறீகளா?" என்று உள்ளிருந்து ஒருத்தி கேட்டாள். "பாறைக்கு நாடி பாக்கேன்," என்று இவள் சொல்ல, சிரிப்பொலி வளைவைத் தாண்டியும் கேட்டது.

நான் புடவையை ஒதுக்கிக்கொண்டு எட்டி நிற்பதைக் கண்டு, "கல்லு கடிக்காதுக்கா, தொட்டுப் பாருங்க," என்றாள். தொட்டேன். வெயிலிலும் குளிர்ந்திருந்தது. களப்பயணத்தை இறுதியாண்டில் வைப்பதுதான் எல்லாக் கல்லூரிகளிலும் வழக்கமாம். அவள் அங்கேயே நின்று அதை முதலாண்டுக்கு மாற்றினாள். புத்தகத்தைத் திறப்பதற்கு முன் பிள்ளைகள் இந்த வளைவில் வந்து நிற்கவேண்டும், அவர்களுள் பாதிப்பேராவது இந்த மலைப் பிள்ளைகளாக இருக்கவேண்டும் என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த ஏக்கத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

திரும்பிவந்து கால அட்டவணையை எடுத்தபோது சிக்கல் தொடங்கியது. செய்முறை வகுப்பில் மாணவர்கள் கற்சில்லைக் கண்ணாடியில் ஒட்டி, ஒளி ஊடுருவும்வரை தேய்த்து, நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். பாதியில் விட்டுச் செல்லக்கூடிய வேலையன்று. மூன்று மணி நேரம் தொடர்ந்து வேண்டும். ஆய்வகமோ வேதியியல் துறையினுடையது. அவர்கள் அதை விட்டுக்கொடுக்க இசைந்தது செவ்வாயும் வியாழனும் ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை மட்டுமே. அந்த மூன்று மணி நேரத்தின் நடுவில் என் பதினொரு மணி நின்றது. மலையாள மாணவர்களை வேறு நேரத்தில் இன்னோர் ஆசிரியர் பார்த்துக்கொள்வார். தமிழ் மாணவர்களுக்கு நான் ஒருத்திதான்.

நிலவியல் எடுப்பவர்கள் மலையாளமே எடுக்கட்டும் என்று அலுவலகத்தில் வழி சொன்னார்களாம். அவள் அதற்கு ஒப்பவில்லை. என்னிடம் வந்தாள். செவ்வாயும் வியாழனும் காலை எட்டு மணிக்கு, நிலவியல் எடுக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. "எட்டு மணிக்குன்னா, அறை கூட்டறதுக்கு முன்னாலயா அம்மிணி? தமிழு என்ன, மிச்சம் கெடந்த நேரத்துல வெக்கற பாடமா?" என்றேன்.

"மிச்ச நேரம் இல்லக்கா. மொத நேரம்."

அவள் சொன்னது சரியென்று பட்டதனாலேயே என் பிடி இறுகியது. இன்று இரண்டு நாள் காலையில் தள்ளுவார்கள், நாளை முழுவதையும் தள்ளிவிடுவார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் இந்தக் காரணம் ஆசிரியர் மன்றத்தில் எடுபடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே மன்றத்துக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில் வேறொரு காரணத்தைக் காட்டினேன். எல்லைப்புற ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் ஒன்பது மணிக்கு முன்னர்க் கல்லூரியை அடைதல் இயலாது; அதற்கு ஏற்ற பேருந்து இல்லை என்று எழுதினேன். திங்கட்கிழமைகளில் நான் ஊரிலிருந்து வரும் வண்டி ஒன்பதேகாலுக்குத்தான் வந்து சேரும். அதற்கு முன் வண்டி கிடையாது என்று நானாகவே முடிவுசெய்துகொண்டேன். ஓர் எழுத்துப் பிழையைக்கூடப் பொறுக்காத நான், அந்தக் குறிப்பை மூன்று முறை படியெடுத்தேன். பேருந்து நிலையத்தில் மட்டும் ஒருவரையும் கேட்கவில்லை.

மன்றம் கூடிய நாளில் முதல்வர் என் குறிப்பைப் படிக்கச் செய்தார். அவள் எனக்கு எதிர்வரிசையில், வரைதாளைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். பேருந்து பற்றிய வரி வந்தபோது அவள் கை தாளின் நூல் முடிச்சுக்குப் போயிற்று. முடிச்சை அவிழ்த்தாள். தாளின் ஓரம் நான்கு விரல் அளவு விரிந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். தாளை மீண்டும் சுருட்டி நூலைக் கட்டிவிட்டாள். தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நான் எண்ணினேன்.

பிள்ளைகளால் வர இயலாது என்றால் வேறு வழியில்லை, நிலவியலைத் தமிழ் மாணவர்கள் நீங்கலாகத் தொடங்கலாமே என்று முதல்வர் அவளிடம் கேட்டார். அவள் எழுந்து நின்றாள். தமிழ்ப் பிள்ளைகள் இல்லாத ஒரு படிப்பைத் தான் திட்டமிடவில்லை என்று மலையாளத்தில் அமைதியாகச் சொல்லிவிட்டு அமர்ந்தாள். பொருள் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் அந்தப் படிப்பை வேறொரு கல்லூரிக்கு வழங்கிவிட்டது. ஒரு மாதத்துக்குள் அவளுக்கு வடக்கே தொலைதூர ஊருக்கு மாற்றல் வந்தது.

இடைப்பட்ட அந்த ஓராண்டும் நாங்கள் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவள் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. சமைத்தோம், சிரித்தோம், தரையில் தாள் மட்டும் விரியவில்லை. புறப்பட்ட நாளில் பெட்டியை வண்டியில் ஏற்றியபின், "அந்தத் தாள வச்சுட்டு வந்துட்டேங்க்கா. எடத்த அடைக்கும். பின்னாடி வெறுசாத்தான் கெடக்கு, ஒங்களுக்கு எதுக்காச்சும் ஆகும்," என்றாள். சன்னலோரம் இடம் கிடைத்ததில் மகிழ்ந்தவளைப்போலக் கையசைத்தாள்.

சில மாதங்கள் கழித்து, தமிழ் வகுப்புகளுக்கு ஓர் அட்டவணை எழுதப் பெரிய தாள் தேவைப்பட்டது. அவள் தாளை எடுத்துத் திருப்பினேன். பின்புறம் வெறுமையாக இல்லை. மேல் மூலையில், பென்சிலில், அவளுடைய சிறிய எழுத்தில் இப்படி இருந்தது: கொழிஞ்சாம்பாறை வண்டி 7.25. கோபாலபுரம் வண்டி 7.35. வேலந்தாவளம் வண்டி 7.40, மழை நாளில் 7.50. அதன் கீழே, 'செவ்வாய் பார்த்தது, வியாழன் பார்த்தது' என்று ஒரு வரி. அதற்கும் கீழே, 'அக்காவுக்கு வீட்டிலிருந்து நடை ஆறு நிமிடம்.'

என்னிடம் கேட்பதற்கு முன்பே இரண்டு காலைகள் பேருந்து நிலையத்தில் போய் நின்று, எட்டு மணிக்கு முன் வந்து சேரும் வண்டிகளைப் பார்த்திருக்கிறாள். மன்றத்தில் அந்தத் தாளை விரித்து ஒரு மூலையைக் காட்டியிருந்தால் போதும். அவள் படிப்பு அவளுக்குக் கிடைத்திருக்கும். அதே கணத்தில், அத்தனை பேர் முன்னிலையில், நான் பொய் எழுதியவளாகியிருப்பேன். நான்கு விரல் அளவு விரிந்த தாளை அவள் எதற்காகச் சுருட்டினாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு ஒரு நீண்ட மடல் எழுதினேன். இரண்டு வாரத்தில் மறுமொழி வந்தது. "அக்கா, அந்த எழுத்தை அழித்துவிட்டுத்தான் தரவேண்டும் என்று இருந்தேன். புறப்படும் அவசரத்தில் மறந்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்," என்று தொடங்கியிருந்தாள். பிறகு அந்த ஊரின் செம்பாறையைப் பற்றி ஒரு பக்கம். என் தந்தையின் கிணற்றைப் பற்றி நான்கு வரிகள். சில ஆண்டுகள் மடல்கள் வந்தன. பின்னர் அவளுக்கு மீண்டும் மாற்றல், எனக்கும் வீட்டில் சில துன்பங்கள். முகவரி தொலைந்து போயிற்று.

அடுத்த கல்வியாண்டில் வேதியியல் மாணவர்களுக்கும் அதே பதினொரு மணிச் சிக்கல் வந்தது. யாரும் கேட்பதற்கு முன் நானே முதல்வரிடம் சென்று எட்டு மணியைக் கேட்டு வாங்கினேன். முதல் நாள் ஏழே முக்காலுக்குப் போனேன். எனக்கு முன்பே ஏழு பிள்ளைகள் கதவருகில் நின்றிருந்தார்கள். பணி ஓய்வு பெறும்வரை அந்த நேரத்தை நான் விடவில்லை. ஆனால் அவர்களுள் ஒருவர்கூட நிலவியல் மாணவர் அல்லர். அந்தப் படிப்பு எங்கள் கல்லூரிக்கு வரவே இல்லை.

ஓய்வுக்குப் பின் ஒருமுறை போடிமெட்டு வழியாகப் போகும்போது அந்த வளைவில் இறங்கி நின்றேன். சிவப்பு நரம்பு அப்படியே இருந்தது. தொட்டுப் பார்த்தேன். எது முந்தியது, எது பிந்தியது என்று என்னைக் கேட்க அருகில் யாரும் இல்லை.

இன்றும் காலையில் வேலந்தாவளம் வண்டி தெருமுனையில் திரும்பும் ஒலி கேட்டால், கையில் பென்சிலோடு அவள் அங்கே நின்று நேரம் குறித்துக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. எழுதிய சொல்லைத் திருத்த நான் அறிவேன், நான் நிறுத்திய அந்தப் பாடத்துக்குப் பிள்ளைகளை எந்த வண்டியில் அழைத்து வருவது என்றுதான் இந்த வயதிலும் தெரியவில்லை.