கம்பி மேல் வைத்த கை

எங்களுக்குக் கல்யாணமாகி முதல் வருஷம் முடிவதற்குள் என் வீட்டுக்காரரின் இடது கையைக் கரும்பாலை தின்றுவிட்டது. எண்பதுகளின் தொடக்கம் அது. கரும்பைத் தள்ளும்போது சட்டைக் கை சிக்கிக்கொண்டது. சுண்டு விரலும் மோதிர விரலும் அடியோடு போயின, நடு விரலில் பாதி போனது. முழுசாக மிஞ்சியது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான்.

விவசாயம் ஒரு பக்கம் இருந்தாலும் அவர் கிட்டார்க்காரர். தருமபுரிப் பக்கம் மாதா திருவிழா, மாரியம்மன் திருவிழா, கல்யாண வீடு என்று எங்கே மெல்லிசைக் கச்சேரி நடந்தாலும் கிட்டார் அவர்தான். பெண் பார்க்க வருவதற்கு முன்பே அவரை நான் மேடையில் பார்த்திருக்கிறேன். முகத்தை யார் பார்த்தார்கள்? அந்த இடது கை ஓடுகிற ஓட்டத்தைத்தான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அப்பாவிடம் சரி என்றேன்.

கட்டுப் பிரித்த நாளிலிருந்து அந்தக் கையை அவர் எனக்குக் காட்டவே இல்லை. ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டார். சாப்பிடும்போது கை மடியில் இருக்கும், பேசும்போது முதுகுக்குப் பின்னால் போய்விடும், படுக்கும்போது தலையணைக்கு அடியில். கிட்டாரை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். போனால் போகட்டும், பாட்டில்லாமல் நான் ஒன்றும் செத்துவிட மாட்டேன். எனக்கு வேண்டியது அந்தக் கை. புருஷன் கை எப்படி இருக்கிறதென்று பெண்டாட்டிக்கே தெரியாதென்றால் அது என்ன குடித்தனம்? கேட்டால், "உனக்கெதுக்கு அது?" என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இரண்டு வருஷத்தில் எத்தனையோ சட்டியைப் போட்டு உடைத்தேன். ஆனால் அந்தத் துண்டை உருவ மட்டும் துணிச்சல் வரவில்லை.

என் அண்ணன் அப்போது பெங்களூரில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவரின் பங்களாவில் சமையல் வேலை பார்த்தார். பெரியவர் வீட்டைக் காலி செய்துகொண்டு தன் நாட்டுக்குக் கிளம்பியபோது, மூலையில் கிடந்த ஒரு பெட்டியை அண்ணன் கேட்டு வாங்கினார். அதைச் சேலம் போகிற லாரியில் ஏற்றி, தானும் கூடவே வந்து தொப்பூரில் இறக்கி, எங்கள் வீடுவரை சுமந்துகொண்டு வந்துவிட்டார்.

திறந்தால் நீளமாக ஒரு கறுப்புப் பலகை, மேலே துருவேறிய பத்துக் கம்பிகள், பலகைக்கு நாலு கால், தரையை ஒட்டி மூன்று மிதிகள். உள்ளே எலி குடும்பம் நடத்திய பஞ்சு வேறு. மாதா கோயிலில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தைத் தவிர, மிதி வைத்த வாத்தியம் எதையும் நாங்கள் பார்த்ததில்லை. "ஆர்மோனியந்தான் இது" என்று என் மாமியார் முடிவே கட்டிவிட்டார். நானும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்தேன். "மிதி கண்ணு, இன்னும் நல்லா மிதி, காத்து ஏறட்டும்" என்று அத்தை பக்கத்தில் நின்று ஏற்றிவிட்டார். நான் மிதித்த மிதியில் அடியில் இருந்த இரும்பு ராடு மடங்கி, ஒரு மிதி கழன்றே போய்விட்டது. "சேசு மரியாயே சூசையே, புள்ள ஒடச்சிப்புட்டாளே!" என்று அதே அத்தை கட்சி மாறினார்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, இது கிட்டாருங்க அத்தை!" என்றவர், என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "மாப்ள, இதுல வெரலால கம்பிய அழுத்தற வேலையே இல்ல. ஒரு இரும்பு உருளைய கம்பி மேல வச்சு நகத்தினா போதும். மிதிச்சா கம்பி இழுபட்டு சுதி ஏறும். பெரியவரு வாசிக்கறத நான் தெனமும் பாத்திருக்கேன்."

என் வீட்டுக்காரர் எழுந்து காட்டுப் பக்கம் போய்விட்டார்.

அவரை விடாமல் பிடித்தவர் அவருடைய கூட்டாளி. அவர் தொப்பூரில் லாரி மெக்கானிக். மலையிறங்குகிற லாரிகளுக்கு பிரேக் பார்ப்பார். கச்சேரி என்றால் டிரம்ஸ் அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியைக் குப்புறக் கவிழ்த்தார். "அடேய், இது நம்ம பிரேக்கு மாதிரிதான்டா! மிதிச்சா ராடு இழுக்குது, ராடு லீவர இழுக்குது" என்று சிரித்தார். வரும்போதே காணாமல் போயிருந்த ராடுகளுக்கும் நான் மடக்கிய ராடுக்கும் பதிலாகப் பழைய சைக்கிளின் பிரேக் கம்பிகளை வெட்டி, முனையில் மரை போட்டு மாட்டினார். கம்பி மேல் நகர்த்தும் உருளைக்கு, லாரி எஞ்சினிலிருந்து கழற்றிய பிஸ்டன் பின் ஒன்றைக் கொண்டுவந்தார். அது நல்ல கனம், கண்ணாடி மாதிரி வழவழப்பு. புதுக் கம்பிகளை அண்ணன் பெங்களூரிலிருந்து கொடுத்தனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் துருவைத் துடைத்த மண்ணெண்ணெய் வாசம்தான் முதலில் வருகிறது. எவ்வளவு சந்தோஷமான வாசம் அது!

என் வீட்டுக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். காது மட்டும் இங்கேதான் இருந்திருக்கிறது. ஒருநாள் கூட்டாளி ஏதோ ஒரு ராடை மாட்டி மிதித்துப் பார்த்தபோது, "டேய் செவிடா, அது அந்தக் கம்பிக்கு இல்லடா!" என்று சத்தம் போட்டுவிட்டார். கூட்டாளி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அடுத்த வாரம் என் வீட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார், சுவரைப் பார்த்தபடி.

சத்தம் வந்தது. கூடவே ஒரு கரகரப்பும் வந்தது. உருளைக்கு இந்தப் பக்கம் கம்பி பாடினால் அந்தப் பக்கமும் சேர்ந்து அதிர்ந்து தொலைந்தது. பெரியவர் உருளையைப் பிடித்தது போக, மீதி விரல்களைப் பின்னால் கம்பி மேல் படரவிட்டு அதை அடக்குவாராம். அந்த மீதி விரல்கள்தான் எங்களிடம் இல்லையே! ரவிக்கைத் துணியை மடித்துக் கம்பிகளில் கட்டிப் பார்த்தோம், உருளை நகரவில்லை. அவர் எழுந்து போனார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து மத்தியானம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வருகிறேன், வீட்டுக்குள் ஒற்றைச் சுரம் நீளமாக இழுத்துக்கொண்டு போகிறது. கரகரப்பே இல்லை. வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் முதுகு தெரிந்தது. துண்டு தரையில் கிடந்தது. விரல் போன இடத்தில் மொழுக்கென்று ஆறியிருக்குமே, அந்த இடத்தையே கம்பி மேல் வைத்து அடக்குகிறார் என்று ஊகித்துக்கொண்டேன். எட்டிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. அவராகக் காட்டாத கையைத் திருட்டுத்தனமாகப் பார்க்க என் ரோஷம் விடவில்லை.

அந்த வருஷம் மாதா திருவிழாவில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கச்சேரி. டிராக்டர் டிரெய்லரில் வாத்தியங்களை ஏற்றிக்கொண்டு போனோம். சாதாரணக் கிட்டாரில் விரல்கள் கழுத்துக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும். இது மேஜை மாதிரி மல்லாந்து கிடக்கிற வாத்தியம், கை ஊருக்கே தெரியும். அதனால் கூட்டாளி அவரை டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார வைத்து, முன்னால் ஒரு துணியும் கட்டிவிட்டார். முதல் பாட்டு முடிந்ததும் கூட்டத்தில் எல்லோரும் எக்கி எக்கிப் பார்த்தார்கள். "எங்கிருந்துப்பா வருது அந்த சத்தம்? முன்னால வந்து வாசிக்கச் சொல்லுங்க!" என்று கூச்சல்.

"நீ எந்திரிக்காத. நான் சமாளிச்சுக்கறேன்" என்றார் கூட்டாளி. என் வீட்டுக்காரர் குனிந்து அந்தத் துணியை அவிழ்த்தார். "அந்தப் பக்கம் புடிடா" என்று இரண்டு கையாலும் பலகையைத் தூக்கி, மேடை விளிம்புக்கே கொண்டுவந்து வைத்தார்.

ஊரோடு ஊராக நின்று என் புருஷன் கையை முதல் முதலாகப் பார்த்தேன். பெருமையாக இருந்தது. ஆத்திரமும் வந்தது, எனக்குக் காட்டாமல் ஊருக்கா காட்டுகிறாய் என்று. மேடைக்குக் கீழே நின்ற ஒரு பொடியன், "மாமா, வெரலு எங்க?" என்று கேட்டே விட்டான். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆலை தின்னுடுச்சுடா" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த பாட்டை ஆரம்பித்தார்.

கிளம்பும்போது அவர் டிரெய்லரில் முதலில் ஏறி, வலது கையால் வாத்தியத்தைச் சாயாமல் பிடித்துக்கொண்டார். அத்தையைக் கூட்டாளி ஏற்றிவிட்டார். நான் மட்டும் கீழே நின்றேன். அவர் இடது கையை என்னிடம் நீட்டினார். "ஏறு புள்ள."

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி உறுமியது. "என்ன, புடிக்க மாட்டியா?" என்றார்.

பிடித்தேன். ஒரே இழுப்பில் மேலே தூக்கிவிட்டார். அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று, வீடு வரும்வரை நான் விடவில்லை.